அறத்தொடு நிற்றல்



பள்ளிக்கூட அதிபர் ஒருவர் திரைப்படத்தைப் பற்றிப் பேச வருகின்றார் என்றால், பிள்ளைகள் படம் பார்த்துக் கெட்டுப்போவதைக் குறித்த கண்டனவுரையாகவே அது இருக்கும் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நான் இன்று பேசவிருப்பது அதுவன்று. பிள்ளைகளைக் காட்டிலும் பெற்றோரும், கலியாணம் பேசி முடித்துவைக்கும் பெரியோரும் பார்க்கவேண்டிய படம் ஒன்றைப் பற்றியே பேச விரும்புகின்றேன். மலையாள மொழியில் வெளிவந்த அப்படத்தின் பெயர் 'காதல்'.

படம் 2023 நவம்பர் 23ஆம் திகதி திரைக்கு வந்தது. நெறிப்படுத்தியவர் ஜியோ பேபி. அடுக்களைக்குள் ஒரு பெண்ணின் வாழ்வு எவ்வாறு நாள்தோறும் தேய்ந்து போகின்றது என்பதைக் காட்டி, 2021இல் பலரையும் சிந்திக்கவைத்த 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' படத்தைத் தந்தவரும் அவரே. 'காதல்' படத்தை எழுதியோர் ஆதர்ஷ் சுகுமாரன், பால்சன் ஸ்கறியா என்னும் இருவர். 'தளபதி'யிலும் 'பேரன்'பிலும் நாம் கண்ட மம்முட்டி, கதைத் தலைவராக நடித்ததோடு படத்தைத் தயாரித்தும் உள்ளார். தலைவியாக வருபவர், தமிழ்ப் படங்களால் நமக்கு நன்கு அறிமுகமான ஜோதிகா. கேரள அரசு 2023ஆம் ஆண்டின் சிறந்த படமாக இதனையே தெரிந்தெடுத்தது.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். தமிழில் காதல் என்றால் அன்பு என்பதை யாவரும் அறிவர். மலையாளத்தில் 'காதல்' என்னும் சொல் மரத்தின் உள்வயிரத்தைக் குறிக்கும். தொல்காப்பியர், வயிரம் வெளியே உள்ளவற்றைப் புல் என்றும், உள்ளே உள்ளவற்றை மரம் என்றும் மரபியலில் வகுத்துள்ளார். அக்கணக்கின்படி நமது பனை புல்லினத்தைச் சேரும். வேம்பு மரத்தினத்தைச் சேரும். பனையின் உறுதியைப் பார்த்தவுடன் அறியலாம். வேம்பின் வயிரத்தையோ பிளந்தாலன்றிக் காண இயலாது. ஊரார் கண்ணுக்கு உறுதியாகத் தோன்றும் ஒருவரின் உள்ளே இருப்பது யாது என்பதுதான் இப்படத்தின் பொருள்.

கதை கோட்டயம் மாவட்டத்துத் தீக்கோயி என்னும் ஊரில் நிகழ்கின்றது. மாத்யூ தேவசி கூட்டுறவு வங்கியில் உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவர். வயது சென்ற தந்தை, மனைவி ஓமனா, கல்லூரியிற் படிக்கும் மகள் ஆகியோருடன் வாழ்பவர். தேவாலயத்துக்குத் தவறாமற் செல்பவர். ஊரில் நன்மதிப்புப் பெற்றவர். உள்ளூராட்சி இடைத்தேர்தல் ஒன்று வருகின்றது. இடதுசாரி அணி அவரை வேட்பாளராக நிறுத்துகின்றது. அந்த வேளையிலேதான் ஓமனா குடும்ப நீதிமன்றத்தில் மணமுறிவு கோரி வழக்கு வைக்கின்றார்.

கணவர் அடித்தார் என்றோ, குடித்தார் என்றோ, வேறொரு பெண்ணை நாடினார் என்றோ அவர் முறையிடவில்லை. தம் கணவர் ஆண்களை விரும்பும் இயல்பினர் என்பதே அவருடைய முறைப்பாடு. ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் விரும்பும் இவ்வியல்பைத் தன்பாலீர்ப்பு என்று இக்காலத்தில் எழுதுகின்றனர். ஊரிற் சாரதிப் பயிற்சிப் பாடசாலை நடத்தும் தங்கன் என்பவருக்கும் தம் கணவருக்கும் உள்ள நேயத்தையும் ஓமனா தமது மனுவில் எடுத்துரைக்கின்றார். இருபது ஆண்டு மணவாழ்வில் கணவரும் மனைவியுமாகத் தாங்கள் கூடியது நான்கே முறை என்று நீதிமன்றத்தில் அவர் சொல்லும்போது, கேட்போருக்கு முதலிற் கூச்சம் உண்டாகின்றது. கூச்சம் தணிந்தபின் அந்தக் கணக்கின் கொடுமை விளங்குகின்றது.

ஓமனா நெடுங்காலம் பொறுத்திருந்து, தெளிந்த மனத்தோடு நீதிமன்றத்துக்கு வந்தவர். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே மாமனாருக்கு மருமகளாகவும் மகளுக்குத் தாயாகவும் அதே வீட்டில் வாழ்கின்றார். கணவரின் தேர்தல் வெற்றியையும் விரும்புகின்றார். பகைமையின்றி ஒருவர்மேல் வழக்கு வைத்தல் கூடுமோ என்று வியப்போர் உண்டு. நமது பண்டை அகப்பொருள் மரபை அறிந்தோர்க்கு அந்த வியப்பு வேண்டியதில்லை.

களவொழுக்கத்தில் தலைவியும் தலைவனும் ஊரறியாது அன்பு கொள்கின்றனர். தலைவி மெலிகின்றாள். காரணம் அறியாத தாய், முருகன் அணங்கினான் என்று கருதி வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகின்றாள், ஆடு பலியிடப்படுகின்றது. அல்லது பெண்ணின் உள்ளம் அறியாது அயலார் மணம் பேச வருகின்றனர். இத்தகைய நெருக்கடியில் உண்மையை வீட்டாருக்கு வெளிப்படுத்துவதற்குப் புலவர்கள் இட்ட பெயர் 'அறத்தொடு நிற்றல்'. தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் என்று அவ்வுண்மை படிப்படியாகச் செல்லும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளில் இந்த ஒரு துறையையே விரித்துரைப்பது.

இந்தப் பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். மறைந்திருந்த விருப்பத்தை வெளியே சொல்வதை நம் முன்னோர் மானக்கேடு என்று சொல்லவில்லை. காட்டிக்கொடுத்தல் என்றும் சொல்லவில்லை. அறத்தின் பக்கம் நிற்றல் என்றனர். உண்மை வெளிப்படாவிடின் மூன்று தீமைகள் விளையும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். விரும்பாத மணம் நிகழும். நோயல்லாததற்கு மருந்து செய்யப்படும். குற்றமற்ற உயிர் ஒன்று பலியாகும். தொல்லாசிரியர் கூறியது ஆணும் பெண்ணும் கொண்ட காதலைப் பற்றியே. எனினும் அவர்கள் வகுத்த அறம் ஓமனாவுக்கும் பொருந்துகின்றது. தோழி தலைவிக்குச் செய்ததை ஓமனா தம் கணவருக்கும் தமக்கும் ஒருங்கே செய்கின்றார். அவர் வைத்த வழக்கு கணவரைத் தண்டிப்பதற்கு அன்று. இருவரையும் அடைத்துவைத்திருந்த கதவைத் திறப்பதற்கு.

இனி, தந்தையைப் பார்ப்போம். முதியவர் தேவசி படத்தின் பெரும்பகுதியிற் பேசுவதே இல்லை. மருமகள் வழக்கு வைத்த பின்னரும் அவரிடம் கோபம் காட்டுவதில்லை. ஏன் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கையில் அவர் நீதிமன்றத்திற் சாட்சி சொல்ல வருகின்றார். மகனின் இயல்பு மணத்துக்கு முன்னரே அவருக்குத் தெரியும். மணம் முடித்துவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியே அதனை நடத்திவைத்தார். பார்ப்போர் அதுவரையில் மாத்யூவின் வழக்கு என்று கருதியிருந்தது, அக்கணத்திலே தந்தையின் வழக்காகவும், தந்தையரெல்லாருடைய வழக்காகவும் மாறிவிடுகின்றது.

அவரைக் கொடியவர் என்று சொல்ல முடியாது. மகன்மேல் அன்புடையவர், ஊருக்கு அஞ்சியவர். தம் மகனுக்கு ஒரு மருந்து வேண்டும் என்று கருதினார். அந்த மருந்து இன்னொருவருடைய மகள் என்பதை அவர் எண்ணவில்லை. இப்படத்தின் முழுப் பாரமும் இந்த ஓரிடத்திற்றான் தங்கியிருக்கின்றது என்பது என் கருத்து.

யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணம் எவ்வாறு பேசப்படுகின்றது என்பது உங்களுக்குத் தெரியாததன்று. சாதகம் பார்க்கப்படுகின்றது, பொருத்தங்கள் எண்ணப்படுகின்றன, சீதனம் பேசப்படுகின்றது, காணி உறுதி முதலாகச் சகலமும் ஆராயப்படுகின்றது. மாப்பிள்ளை நம் பாடசாலையிற் படித்தவராயின் பெண்வீட்டார் அதிபரிடமும் வந்து விசாரிப்பர். உரும்பிராயிலும், அயலூர்களாகிய கோப்பாய், ஊரெழு, நீர்வேலி ஆகிய இடங்களிலும் இது வழக்கம். "பெடியன் எப்படி, ஐயா? குடிவெறி ஒன்றும் இல்லையோ?" என்று கேட்பார்கள். உத்தியோகம் நிரந்தரமோ என்று கேட்பார்கள். சகோதரங்கள் எங்கே இருக்கின்றார்கள் என்று கேட்பார்கள். இத்தனை ஆண்டுகளில் என்னிடம் ஒருவரும் கேளாத கேள்வி ஒன்று உண்டு. இந்தக் கலியாணத்தில் அந்தப் பிள்ளைக்கு விருப்பமோ என்பதுதான் அது.

மாப்பிள்ளையின் பெற்றோரும் அதனைக் கேட்பதில்லை. வயது முப்பத்தைந்தாகியும் மகன் கலியாணத்துக்கு உடன்படவில்லை என்றால், செவ்வாய் தோஷம், சனி பார்வை என்று காரணம் தேடுவர், கோவில்களுக்கு நேர்த்தி வைப்பர், நூல் கட்டுவர். தாய் உணவு கொள்ளாது கிடப்பாள். இறுதியில், "கலியாணம் முடிந்தால் எல்லாம் சரிவரும்" என்னும் வாக்கியம் பிறக்கும். வெறியாட்டு மறைந்துவிட்டது என்று இலக்கிய வகுப்பிற் கற்பிக்கின்றோம். அது வேறு வடிவத்தில் நடந்துகொண்டுதான் இருக்கின்றது. அன்று ஆடு பலியானது. இன்று மணமகளாக வந்து அமரும் பெண் பலியாகின்றாள்.

எல்லா மணமறுப்புக்கும் இதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை. தங்கைமாருக்குச் சீதனம் சேர்ப்பதற்காகத் தம் மணத்தைத் தள்ளிவைத்த தமையன்மார் நம் மண்ணில் ஏராளம். தனிமையை விரும்புவோரும் உளர். ஆயினும் காரணங்களுள் இதுவும் ஒன்றாக இருக்கக்கூடும் என்று மனத்தில் இடங்கொடுப்பது அறிவுடைமை. இடங்கொடாதவர்க்கு உண்மை சொல்லப்படுவதில்லை.

இங்கே சில ஐயங்கள் எழும். அவற்றை மறைக்காமல் எடுத்துக்கொள்கின்றேன்.

இது நோய்தானே, வைத்தியம் செய்யலாகாதோ என்று கேட்பர். உலக சுகாதார நிறுவனம் 1990ஆம் ஆண்டு மே 17ஆம் திகதி தனது நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை நீக்கிவிட்டது. ஒருவர் இடக்கையால் எழுதுவது எவ்வாறு நோயன்றோ அவ்வாறே இதுவும். முற்காலத்தில் ஆசிரியர்கள் இடக்கையால் எழுதும் பிள்ளைகளின் கையில் அடித்து வலக்கைக்கு மாற்றினர். பிள்ளைகள் வலக்கையால் எழுதப் பழகினர். அவர்களின் இயல்பு மாறியதென்று எவரும் சொல்லமாட்டார்.

இது மேனாட்டிலிருந்து வந்த பழக்கம் அன்றோ என்று கேட்பர். மேனாட்டிலிருந்து வந்தது எது என்பதைச் சட்டப் புத்தகமே சொல்லும். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை பிரித்தானியர் ஆட்சியில் 1883ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன் 365ஆம் பிரிவும் 365அ பிரிவும் இவ்வியல்பினரின் உறவைக் குற்றமாக்கின. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைப் பெண்களுக்கும் விரித்தது. அத்தகைய சட்டத்தை நமக்குத் தந்தவர்களோ, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1967ஆம் ஆண்டே தம் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டனர். இந்தியாவில் 1860ஆம் ஆண்டுச் சட்டக்கோவையின் 377ஆம் பிரிவு, வயதுவந்தோர் தம்முள் உடன்பட்டுக் கொள்ளும் உறவுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டெம்பர் 6ஆம் திகதி தீர்ப்பளித்தது. இலங்கையில் 365ஆம், 365அ பிரிவுகளைத் திருத்துவதற்கென ஒரு சட்டமூலம் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. அது அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் முடிவு கூறியது. எனினும் 2024 செப்டெம்பரில் அந்நாடாளுமன்றம் கலைக்கப்படும் வரையில் சட்டமூலம் நிறைவேறவில்லை.

பிள்ளைகளின் நிலை என்னாகும், குடும்பம் சிதறாதோ என்பது மூன்றாவது ஐயம். மூன்றனுள்ளும் மதிக்கத்தக்கது இதுவே. படம் இதற்குச் சொற்களால் விடை கூறவில்லை. மகளைக் காட்டுகின்றது. அவள் தாயோடும் இருக்கின்றாள், தந்தையோடும் இருக்கின்றாள். வழக்கு நடக்கும் நாட்களைக் காட்டிலும், காரணம் அறியாது ஒரு வீட்டின் மௌனத்துள் வளர்ந்த நாட்களே அவளுக்குப் பாரமாக இருந்திருக்கும் என்று பார்ப்போர்க்குத் தோன்றுகின்றது. ஒரே கூரையின்கீழ் இருவர் பேசாது வாழும் வீட்டுப் பிள்ளைகளை வகுப்பறையில் ஆசிரியர்கள் எளிதில் அடையாளம் காண்பார்கள். அவர்கள் அதிகம் பேசமாட்டார்கள். பிறர் முகத்தைப் பார்த்துப் பார்த்தே நடப்பார்கள்.

நம் நாட்டுக் கதை ஒன்றோடு இதனை ஒப்பிடுதல் பயன் தரும். கொழும்பிற் பிறந்த ஷியாம் செல்வதுரை 1994ஆம் ஆண்டு 'ஃபன்னி போய்' என்னும் நாவலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆர்ஜி என்னும் தமிழ்ச் சிறுவன், தான் ஏனைய ஆண்பிள்ளைகளைப் போல் அல்லன் என்பதை மெல்ல மெல்ல உணர்வதும், 1983 யூலைக் கலவரத்தில் அவனுடைய குடும்பம் வீடிழப்பதும் அதன் கதை. தீபா மேத்தா 2020இல் அதனைத் திரைப்படமாக்கினார். முதன்மைப் பாத்திரங்களுக்குத் தமிழ் நடிகர் போதிய அளவில் எடுக்கப்படவில்லை என்றும், தமிழ் உச்சரிப்புச் செம்மையாக இல்லை என்றும் புலம்பெயர் தமிழர் குறை கூறினர். அக்குறை நியாயமானதே. ஆயினும் நம் வீட்டுக் கதை ஒன்று உலகின் கண்ணுக்கு வந்தது.

அந்தக் கதை ஆர்ஜியின் குடும்பம் நாட்டைவிட்டு வெளியேறுவதோடு முடிகின்றது. அங்கே வெளியேற்றத்துக்குக் காரணம் இனக் கலவரம். ஆனால் நம் ஊர்களில் இவ்வியல்புடைய பிள்ளைகளுக்கும் வெளியேற்றமே வழியாக வைக்கப்பட்டுள்ளது. கனடாவுக்கோ இலண்டனுக்கோ அனுப்பிவிட்டால் ஊர் அறியாது, பெற்றோரும் கேளார், பிள்ளையும் சொல்லான். தாய் இறந்த பின்னர் செத்தவீட்டுக்கு வந்து, எட்டுக் கழியுமுன் விமானம் ஏறுவான். கடல் கடந்து சென்றவர் பாடு இவ்வாறு என்றால், செல்ல வகையில்லாதவர் மாத்யூவைப் போல வீட்டினுள்ளேயே நாடு கடத்தப்பட்டவராக வாழ்கின்றனர்.

'காதல்' படத்தில் ஒருவரும் ஊரைவிட்டுப் போகவில்லை. இதனையே அப்படத்தின் துணிவு என்று நான் மதிக்கின்றேன். வழக்கு முடிகின்றது, மணமுறிவு கிடைக்கின்றது, தேர்தலிலும் மாத்யூ வெல்கின்றார். ஓமனா மறுமணத்துக்காக ஒருவரைச் சந்திக்கச் செல்கையில் மாத்யூவே உடன் செல்கின்றார். தங்கனும் மாத்யூவும் மறைவின்றிச் சந்திக்கின்றனர். அதே தெரு, அதே தேவாலயம், அதே ஊரார். வாழ்வில் இரண்டாவது வாய்ப்பு என்பது தொலைதேசத்தில் வேறொரு பெயரோடு தொடங்குவதன்று; தன் ஊரில், தன் பெயரோடு, தெரிந்தவர் முகத்தின் முன்னே தொடங்குவது என்று படம் சொல்கின்றது.

தங்கனைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கதையில் மிகக் குறைவாகப் பேசுபவர் அவர். அதிகமாக இழப்பவரும் அவரே. மாத்யூவுக்குப் பெரிய வீடும், குடும்பப் பெயரும், கட்சியும் காவலாக உள்ளன. தங்கனுக்கு ஒரு பழைய காரும், பழக வரும் சிலரும் மாத்திரமே உண்டு. மாத்யூவைப் பற்றி ஊர் முணுமுணுக்கின்றது. தங்கனை நேரிலேயே ஏளனம் செய்கின்றது. அவரோடு வாழும் சிறுவனையும் அந்த ஏளனம் விடுவதில்லை. உண்மை வெளிப்படுகையில் அதன் விலையை எளியவரே அதிகம் செலுத்துகின்றனர் என்பதைப் படம் நெறியாகக் காட்டுகின்றது. சுதி கோழிக்கோடு என்னும் நடிகர் கண்களாலேயே இப்பாத்திரத்தை நிறைவேற்றியுள்ளார்.

மம்முட்டியின் நடிப்பைப் பற்றியும் ஒன்று. இப்படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 72. வீரம் பேசும் தலைவனாகப் பல்லாண்டு திரையில் நின்றவர், இங்கே தோள் தாழ்ந்து, குரல் அடங்கி, எதிரே வருவோரை நேராகப் பார்க்கக் கூசும் மனிதராக நடக்கின்றார். ஓரிடத்தில் மாத்யூ கடவுளை அழைத்துக் கதறி அழுகின்றார். அவரைத் தாங்குபவர் ஓமனா. வழக்குத் தொடுத்தவரின் தோளிலேதான் வழக்குத் தொடுக்கப்பட்டவர் அழவேண்டியிருக்கின்றது. இருபது ஆண்டுகளாக அவருடைய துயரத்தின் பாதியைச் சுமந்தவர் வேறு எவருமிலர் அன்றோ?

படத்திற் குறை இல்லையோ என்றால், உண்டு. ஊரார் இவ்வளவு விரைவிற் சமாதானம் அடைவார்களோ என்பது ஐயமே. கட்சிக்காரர் காட்டும் பெருந்தன்மை நம் அனுபவத்துக்குச் சற்று மிகையாகத் தோன்றுகின்றது. மாத்யூவுக்கும் தங்கனுக்கும் இடையிலுள்ள அன்பு எவ்வாறு பிறந்தது, எவ்வாறு தாங்கி நின்றது என்பதைப் படம் ஏறக்குறையச் சொல்லாமலே விட்டுவிடுகின்றது. குடும்பங்கள் முகஞ்சுளிக்காது பார்க்கவேண்டும் என்பதற்காக நெறியாளர் அளவுக்கு மேல் அடக்கம் காட்டினாரோ என்று கேட்பவர்கள் உளர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. எனினும், இப்பொருளைத் தமிழ் வீடுகளின் வரவேற்பறையில் வயது சென்றோரும் இளையோரும் ஒன்றாயிருந்து பார்க்கும்படி செய்ததும் அதே அடக்கம்தான்.

போன ஆண்டுகள் திரும்பி வருவதில்லை என்பதையும் படம் மறைக்கவில்லை. ஓமனாவுக்கு இருபது வயதின் இளமை மீளாது. மாத்யூவும் தங்கனும் ஒருவர் அருகில் ஒருவர் மூப்படைந்திருக்கவேண்டிய காலம், தெருவில் தலையசைத்துக் கடந்து போவதிலே கழிந்துவிட்டது. இரண்டாவது வாய்ப்பு என்பது முதல் வாய்ப்புக்கு ஈடாகாது. முதலிலேயே ஒருவர் உண்மை பேசியிருந்தால், அல்லது உண்மை பேசும்படி ஒருவர் இடங்கொடுத்திருந்தால், இரண்டாவது ஒன்று வேண்டியிராது. அந்த ஒருவர் தேவசியாக இருந்திருக்கலாம்.

ஆதலால், இப்படத்தைப் பார்த்தபின் எனக்குத் தோன்றிய இரண்டு கருமங்களைப் பெற்றோராகிய நேயர்களுக்குச் சொல்லி அமைகின்றேன். முதலாவது, மகனுக்கோ மகளுக்கோ கலியாணம் பேசத் தொடங்குமுன், தரகரை அழைப்பதற்கும் சாதகத்தை எடுப்பதற்கும் முன்னதாக, பிள்ளையைத் தனியே அழைத்து இருத்தி, "உனக்கு இதில் விருப்பமோ? விருப்பமில்லையென்றால் ஏன் என்று எனக்குச் சொல்லலாம், நான் கோபிக்கமாட்டேன்" என்று கேளுங்கள். கேட்டபின் கோபியாதிருங்கள். ஒருமுறை கேட்டு விடை வராவிட்டால், சில மாதம் சென்றபின் மறுமுறையும் கேளுங்கள். அஞ்சி வளர்ந்த பிள்ளை முதற் கேள்விக்கே வாய் திறவாது.

இரண்டாவது, பிள்ளை உண்மையைச் சொல்லிவிட்டால், அதனை மாற்றுவதற்கென்று இன்னொரு வீட்டுப் பெண்ணையோ பிள்ளையையோ தேடிப் போகாதிருங்கள். உங்கள் பிள்ளையை உடனே விளங்கிக்கொள்ள உங்களால் இயலாமற் போகலாம். அதற்குக் காலம் செல்லும், செல்லட்டும். ஆனால் முன்பின் அறியாத ஒரு வீட்டார், தங்கள் மகள் நலமாக வாழ்வாள் என்று நம்பி உங்கள் படலையைத் திறந்து வருகின்றார்கள். அவர்களை ஏமாற்றாதிருப்பதற்கு எந்தக் காலமும் செல்லவேண்டியதில்லை.

என்னைத் தேடி வந்து மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்போருக்கும் ஒன்று சொல்லிக்கொள்கின்றேன். குடிவெறி உண்டோ, உத்தியோகம் நிரந்தரமோ என்பவற்றுக்கு நான் அறிந்த அளவில் விடை கூறுவேன். அதற்குப்பின், பெடியனுக்கு இதில் விருப்பமோ என்று அவரையே நேரிற் கேட்டீர்களோ, உங்கள் மகளைக் கேட்டீர்களோ என்று நான் உங்களைக் கேட்பேன். அதனைக் குறையாக எடுத்துக்கொள்ளவேண்டாம்.